கேஸ் என்று விட்டுவிடாதே

பாப்பா, நேற்று ராத்திரி நீ போனை வைத்ததும், சொன்னதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டேன். காலையில் ஆபீஸ் கிளம்புவதற்குள் மூன்று தடவை டாய்லெட். பஸ்ஸில் ஏறினால் வழியில் வந்துவிடுமோ என்ற பயம். மத்தியானம் சாப்பிட்டு அரை மணி நேரத்தில் வயிறு உப்பி, சுடிதார் நாடாவைத் தளர்த்த வேண்டியிருக்கிறது. இப்படி ஒன்றரை வருஷம். "கேஸ்தான்க்கா, எல்லாருக்கும் இருக்கிறதுதானே" என்று ஒவ்வொரு முறையும் நீ சொல்ல, நானும் அப்படியே விட்டுவிட்டேன். இனிமேல் விடக் கூடாது என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

கேஸ் என்பது ஒரு நோயின் பெயரே இல்லை. நம் ஊரில் நெஞ்சு எரிந்தாலும் கேஸ், முதுகு பிடித்தாலும் கேஸ், தலை சுற்றினாலும் கேஸ். மெடிக்கல் ஷாப்பில் போய் அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் ஒரு அட்டை மாத்திரை கையில் வந்துவிடும். இரண்டு நாள் நன்றாக இருக்கும், மூன்றாம் நாள் பழையபடி ஆகிவிடும். மாத்திரை தொல்லையை அடக்குமே தவிர, அது எதனால் வந்தது என்று சொல்லாது. பாலால் வருகிற உப்புசமும், கிருமியால் வருகிற எரிச்சலும், தைராய்டால் வருகிற மலச்சிக்கலும் ஒரே மருந்தில் எப்படித் தீரும்?

நான் நாலு வருஷம் பட்டதை உனக்கு முழுசாகச் சொன்னதில்லை. வயிறு சரியில்லாத நாளெல்லாம் அம்மா சொல்லிக்கொடுத்தபடி பத்தியம் இருப்பேன். காரம் இல்லை, சாம்பார் இல்லை, பாலும் பிரெட்டும்தான். வெள்ளிக்கிழமை விரதத்துக்கும் பாலும் பழமும். அப்படியும் கேட்காமல், மிளகாயை விட்டேன், புளியை விட்டேன், கத்தரிக்காயை விட்டேன். கடைசியில் ரசம் சாதத்தைப் பார்த்தாலே பயம் வந்துவிட்டது. ஒரு கல்யாண வீட்டில் பந்தியில் உட்காராமலே திரும்பி வந்திருக்கிறேன். எடை ஆறு கிலோ குறைந்தது. பார்த்த டாக்டர்களும் ஆளுக்கொரு அசிடிட்டி மாத்திரை எழுதினார்கள். ஒருவர் மட்டும், "மாத்திரை இருக்கட்டும்மா, மூன்று வாரம் ஒரு நோட்டுப் போடுங்க" என்றார்.

அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. ஒரு பக்கத்தை அப்படியே எழுதுகிறேன், பார்:

"செவ்வாய். 6.15 காபி. 7.00 வயிறு இரைச்சல், மோஷன் தண்ணியாக. 8.30 இட்லி 3, தேங்காய்ச் சட்னி, ஒன்றும் இல்லை. 1.15 சாதம், மிளகு ரசம், பீன்ஸ் பொரியல், தயிர், ஒன்றும் இல்லை. 4.30 டீ. 5.40 உப்புசம், ஏப்பம். 9.30 பால் ஒரு டம்ளர். 11.00 வயிற்றைப் பிசைகிறது."

இன்றைக்குப் பார்த்தால் உனக்கே தெரிகிறது. அன்று எனக்குத் தெரியவில்லை. மிளகு ரசத்தில்தான் கண் போனது. மூன்றாவது வாரம் விடாத மழையில் ஒரு நாள் பால் வரவில்லை. அன்று கடுங்காப்பிதான், வயிறு பச்சைப்பிள்ளை மாதிரி அமைதியாக இருந்தது. முந்தைய வெள்ளிக்கிழமை பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். விரதம், பால் மூன்று டம்ளர், இருந்ததிலேயே மோசமான நாள். என் பத்தியம்தான் என்னைப் படுத்தியிருக்கிறது.

பாலில் லாக்டோஸ் என்று ஒரு சர்க்கரை உண்டு. அதைச் செரிக்கும் நொதி சின்ன வயதில் நிறைய இருக்கும், வளர வளரப் பலருக்குக் குறைந்துபோகும். வட இந்தியர்களைவிடத் தென்னிந்தியர்களிடம் இது அதிகம். "ஸ்கூல் படிக்கும்போது தினம் குடித்தவள்தானே" என்ற வாதம் அதனால்தான் செல்லாது. செரிக்காத சர்க்கரை பெருங்குடலுக்குப் போனால், அங்கே இருக்கும் கிருமிகள் அதை நொதிக்கவைத்துக் காற்று உண்டாக்கும். கூடவே தண்ணீரையும் குடலுக்குள் இழுக்கும். உப்புசமும் பேதியும் சேர்ந்து வருவது இப்படித்தான். ஒரு டம்ளர் பாலில் ஏறக்குறைய 10 கிராம் லாக்டோஸ் இருக்கிறது. தயிரில் கிருமிகளே கொஞ்சம் சாப்பிட்டுவிடுவதாலும், செரிக்க உதவுவதாலும், பால் ஒத்துக்கொள்ளாத பலருக்கும் தயிர் சாதம் ஒத்துக்கொள்ளும். நெய்யில் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. பால்கோவா, ஐஸ்கிரீம், பால் பவுடர் போட்ட பானங்கள்தான் கவனிக்க வேண்டியவை.

உனக்கும் பால்தான் என்று நான் சொல்லவில்லை. அப்படி முடிவு கட்டிவிடாதே. என்னுடைய காரணம் எனக்கு, உன்னுடையதை நீதான் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கான வழியைத்தான் சொல்கிறேன்.

அதற்கு முன்னால், நோட்டெல்லாம் போட்டுக்கொண்டு காத்திருக்கக் கூடாதவை சில உண்டு. மோஷனில் ரத்தம். தார் மாதிரி கறுப்பாகப் போவது (இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாலும் கறுக்கும், அதையும் டாக்டரிடம் சொல்). சாப்பாட்டைக் குறைக்காமலே எடை குறைவது. நடுராத்திரி தூக்கத்திலிருந்து எழுப்பிவிடுகிற வலி அல்லது பேதி. விழுங்கும்போது அடைப்பது. விடாத வாந்தி. சாயங்காலக் காய்ச்சல். ரத்தசோகை. குடும்பத்தில் யாருக்காவது குடல் புற்றுநோய். இதில் ஒன்று இருந்தாலும் அந்த வாரமே டாக்டரிடம் போ.

நம் பெரிய மாமா மோஷனில் ரத்தம் வந்ததை மூலம் என்று தானே முடிவு செய்து, பதினோரு மாதம் களிம்பு தடவிக்கொண்டிருந்தார். அத்தையிடம்கூடச் சொல்லவில்லை. முகம் வெளுத்துப் படியேற முடியாமல் போன பிறகுதான் ரத்தம் பரிசோதித்தார்கள், அப்புறம் கொலோனோஸ்கோப்பி, பெருங்குடலில் கட்டி. ஆபரேஷன் முடிந்து இப்போது நடமாடுகிறார். ஆனால் அந்தப் பதினோரு மாதத்தை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறவில்லை. வெட்கப்படுகிற விஷயம் என்று நினைத்ததுதான் அவரை அவ்வளவு தூரம் கொண்டுபோனது.

இன்னொன்று, அப்பா அம்மாவுக்காகச் சொல்கிறேன். நடு நெஞ்சிலோ மேல் வயிற்றிலோ பாரமாக அழுத்தி, வியர்த்து, மூச்சு வாங்கினால் அது கேஸ் இல்லை. சோடாவும் ஓமவாட்டரும் கொடுத்து அரை மணி நேரத்தை வீணாக்கக் கூடாது. 108-க்குப் போன் செய்து, ஈ.சி.ஜி. எடுக்கும் இடத்துக்குப் போக வேண்டும். சர்க்கரை இருக்கிறவர்களுக்கும் பெண்களுக்கும் மாரடைப்பு பல நேரம் அஜீரணம் போலவே வரும். அம்மாவுக்கு இரண்டும் பொருந்துகிறது, ஞாபகம் வைத்துக்கொள். அவள் வயதுப் பெண்களுக்குப் புதிதாகத் தினமும் வயிறு உப்பி, கொஞ்சம் சாப்பிட்டதுமே நிறைந்துவிட்டால், ஒரு ஸ்கேன் எடுத்துச் சினைப்பையையும் பார்த்துவிட வேண்டும்.

இனி உன் நோட்டு. கோடு போட்ட சின்ன நோட்டு போதும், போனிலும் எழுதலாம். ஆனால் சாப்பிட்ட உடனே எழுத வேண்டும். ராத்திரி மொத்தமாக எழுதினால் நாலு மணி பிஸ்கட் மறந்துபோகும். என்ன சாப்பிட்டாய், எத்தனை மணி, எப்போது வயிறு என்ன செய்தது, மோஷன் எப்படிப் போனது. மோஷனுக்குப் பிரிஸ்டல் அட்டவணை என்று ஒன்று இருக்கிறது, இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்து டாக்டர்கள் செய்தது. ஆட்டுப் புழுக்கை மாதிரி கெட்டியாகப் போனால் 1, முழுக்கத் தண்ணீராகப் போனால் 7. நடுவில் 3, 4 நார்மல். அந்த எண்ணை மட்டும் எழுதினால் போதும், வெட்கம் இல்லாமல் எழுதலாம், டாக்டருக்கும் ஒரு பார்வையில் புரியும்.

சாப்பாடு மட்டும் எழுதினால் பாதிதான் கிடைக்கும். எத்தனை மணிக்குத் தூங்கினாய், அன்று ஆபீசில் என்ன நடந்தது, மாதவிடாய் எந்த நாள் என்பதும் வேண்டும். பீரியட்ஸ் நாளில் லூசாகப் போவது நிறையப் பெண்களுக்கு உண்டு. ஆனால் அந்த நாட்களில் மோஷன் போகும்போதே உயிர் போகிற வலி இருந்தால், குடல் டாக்டரோடு மகப்பேறு டாக்டரையும் பார்க்க வேண்டும். கர்ப்பப்பையின் உள்சுவர் போன்ற திசு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் இப்படித்தான் வயிற்றுத் தொல்லை வேஷத்தில் வரும்.

மாத்திரைகளையும் எழுது. இதை யாரும் செய்வதில்லை. நீ மாதாமாதம் போடுகிற வலி மாத்திரை இரைப்பையைப் புண்ணாக்கலாம். இரும்பு மாத்திரை மலச்சிக்கல் தரும், சிலருக்குப் பேதியும் தரும். சர்க்கரைக்குச் சாப்பிடும் மெட்ஃபார்மின் எத்தனையோ பேருக்கு வயிற்றுப்போக்குக் கொடுக்கிறது. அதே மருந்தை மெதுவாகக் கரையும் வகைக்கு டாக்டர் மாற்றினாலே பலருக்குச் சரியாகிவிடும். சர்க்கரை இல்லாத சூயிங்கம்மில் இருக்கும் சார்பிட்டால்கூடப் பேதி உண்டாக்கும். நீ பஸ்ஸில் மெல்லுகிறாயே, அந்தப் பாக்கெட்டைத் திருப்பிப் படித்துப் பார்.

மூன்று வாரம் எழுதின பிறகு ஒரே ஒரு மாற்றம் செய். நான் செய்த பெரிய தப்பு, எல்லாவற்றையும் ஒரேயடியாக நிறுத்தினதுதான். நிறுத்தினதில் எது காரணம் என்று தெரியாது, உடம்பும் போய்விடும். பாலில் சந்தேகம் இருந்தால் இரண்டு வாரம் பால், காபி, டீ, பால் இனிப்பு எல்லாம் சுத்தமாக நிறுத்து. மற்றதெல்லாம் வழக்கம்போல. அப்புறம் ஒரு லீவு நாளில் வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் பால் குடித்துவிட்டு, நாலைந்து மணி நேரம் என்ன ஆகிறது என்று எழுது. ஒன்றும் ஆகவில்லை என்றால் பால் குற்றவாளி இல்லை, நிம்மதியாகக் காபி குடிக்கலாம்.

கோதுமையை மட்டும் நீயாக நிறுத்தாதே. சீலியாக் என்று ஒரு நோய், கோதுமையிலும் பார்லியிலும் இருக்கும் குளூட்டனால் சிறுகுடல் பாதிக்கப்படுவது. தெற்கைவிட வட இந்தியாவில்தான் அதிகம், ஆனாலும் ஒரு ரத்தப் பரிசோதனையில் பார்த்துவிடலாம். கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே எடுத்தால்தான் அதில் தெரியும். நிறுத்திவிட்டுப் போனால் நோய் இருந்தும் இல்லை என்று காட்டும். அது இருப்பது உறுதியானால் சப்பாத்தி, பரோட்டா, ரவை, சேமியாவோடு முடியாது, நம் பெருங்காயத்தையும் பார்க்க வேண்டும். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும்.

டாக்டரிடம் போகும்போது நோட்டை முழுசாக நீட்டாதே, அவர்களுக்கு நேரம் இருக்காது. ஒரு தாளில் ஆறேழு வரி எழுதிக்கொண்டு போ. எத்தனை நாளாக, ஒரு நாளைக்கு எத்தனை தடவை, ராத்திரி எழுப்புகிறதா, ரத்தம் உண்டா, எடை எவ்வளவு இருந்தது இப்போது எவ்வளவு, குடும்பத்தில் யாருக்கு என்ன. மாத்திரை அட்டைகளை ஒரு கவரில் போட்டு எடுத்துக்கொண்டு போ. "கேஸ்" என்ற வார்த்தையைச் சொல்லாதே. "சாப்பிட்டு அரை மணியில் தொப்புளுக்குக் கீழே பிசைகிறது, மோஷன் போனால் குறைகிறது" என்று சொல். இப்படிச் சொன்னால் அவருக்குப் பாதி வேலை முடிந்தது.

முதலில் சாதாரணப் பரிசோதனைகள்தான் இருக்கும். ஹீமோகுளோபின், சர்க்கரை, தைராய்டு, ஈரல், மலப் பரிசோதனை. அமீபாவும் ஜியார்டியாவும் ஒரு நாள் மாதிரியில் தப்பிவிடலாம், அதனால் வேறு வேறு நாட்களில் மூன்று முறை கொடுக்கச் சொன்னால் அலுத்துக்கொள்ளாதே. கால்புரொடெக்டின் என்று இன்னொரு மலப் பரிசோதனை இருக்கிறது, குடலில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும். அது நார்மலாக இருந்தால் பல நேரம் ஸ்கோப் தேவைப்படாமலே போகும்.

மேல் வயிறு எரிச்சல், வெறும் வயிற்றில் வலி இருந்தால் எச். பைலோரி கிருமியைப் பார்க்கச் சொல்வார்கள். டென்ஷனும் காரமும்தான் அல்சருக்குக் காரணம் என்று டாக்டர்களே ரொம்ப காலம் நம்பினார்கள். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்தில் பாரி மார்ஷல் என்ற டாக்டர் 1984-இல் அந்தக் கிருமி வளர்ந்த கரைசலைத் தானே குடித்து, இரைப்பை அழற்சி வரவைத்துக் காட்டினார். அவருக்கும், அவரோடு சேர்ந்து ஆராய்ந்த ராபின் வாரனுக்கும் 2005-இல் நோபல் பரிசு கிடைத்தது. நமக்கு இதில் முக்கியம் என்னவென்றால், மூச்சுப் பரிசோதனைக்கோ மலப் பரிசோதனைக்கோ போவதற்கு இரண்டு வாரம் முன்பே அசிடிட்டி மாத்திரையையும், நாலு வாரம் முன்பே ஆன்டிபயாட்டிக்கையும் நிறுத்தியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் கிருமி ஒளிந்துகொள்ளும். நிறுத்தலாமா என்று டாக்டரிடம் கேட்டுக்கொண்டு நிறுத்து. கிருமி இருந்தால் பெரும்பாலும் 14 நாள் மருந்து, நடுவில் ஒரு வேளைகூட விடக் கூடாது.

நம் நாட்டில் குடல் காசநோயும் உண்டு. வலது கீழ் வயிற்றில் வலி, சாயங்காலக் காய்ச்சல், எடை குறைவு என்று வரும். கிரோன்ஸ் என்ற குடல் அழற்சி நோயும் இதே மாதிரி இருக்கும், ஸ்கோப்பில் சதைத் துணுக்கு எடுத்துப் பார்த்தாலும் சில சமயம் பிரிப்பது கஷ்டம். அதற்காக டாக்டர் நிதானமாகப் பார்த்தால் அவர் மேல் கோபப்படக் கூடாது, இரண்டுக்கும் வைத்தியம் நேர் எதிர். காசநோய் மருந்து அரசு மருத்துவமனையில் இலவசம், குடலுக்குப் பொதுவாக ஆறு மாதம்.

கொலோனோஸ்கோப்பி என்றால் பயப்படாதே. கஷ்டம் முதல் நாள் ராத்திரி பேதிக்குக் குடிப்பதில்தான் இருக்கிறது. பொடியைக் கரைத்த தண்ணீரைக் குளிரவைத்து, ஸ்ட்ரா போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடி. பாத்ரூம் பக்கத்திலேயே நாற்காலி போட்டுக்கொள். மறுநாள் மயக்க ஊசி போடுவார்கள், அதனால் கூட ஒருவர் கட்டாயம் வேண்டும். நான் வருகிறேன்.

எல்லாம் நார்மல் என்று வந்தால் "அப்போ இது உன் மனசுதான்" என்று யாராவது சொல்வார்கள். கேட்காதே. ரிப்போர்ட் நார்மலாக இருந்தும் வாரம் ஒரு நாளாவது வயிற்று வலி, அது மோஷனோடு சேர்ந்து கூடியோ குறைந்தோ, மோஷனின் கணக்கும் பக்குவமும் மாறி, மூன்று மாதமாக இருக்கிறது என்றால் அதற்கு ஐ.பி.எஸ். என்று பெயர் உண்டு, வைத்தியமும் உண்டு. குடலுக்கும் மூளைக்கும் நடுவில் போகிற தகவல்கள் அளவுக்கு மீறிப்போவதுதான் அது. வயிற்றில் சாப்பாடு விழுந்ததும் பெருங்குடல் நகர்வது எல்லாருக்கும் இயற்கை. ஐ.பி.எஸ். இருக்கிறவர்களுக்கு அது வேகமாகவும் வலியோடும் நடக்கும். நீ சொன்ன காலைநேரத் தொல்லையைக் கேட்டதும் எனக்கு இதுதான் தோன்றியது, ஆனால் பரிசோதனை முடியாமல் பெயர் வைக்க வேண்டாம்.

அப்படி வந்தால், ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் உருவாக்கின ஃபாட்மேப் உணவுமுறை பலருக்கு உதவுகிறது. குடலில் சீக்கிரம் நொதிக்கிற உணவுகளை இரண்டு முதல் ஆறு வாரம் குறைத்து, பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துப் பார்ப்பது. நம் சமையலில் பெரிய சிக்கல் வெங்காயமும் பூண்டும்தான். அவற்றில் இருக்கும் சர்க்கரை தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. அதனால் பூண்டை எண்ணெயில் வதக்கி எடுத்துப்போட்டுவிட்டு அந்த எண்ணெயில் தாளித்தால் வாசனை கிடைக்கும், வயிறும் சும்மா இருக்கும். கொண்டைக்கடலை, ராஜ்மா, காலிஃபிளவர், பலாப்பழம், ஆப்பிள் கொஞ்ச நாள் வேண்டாம். அரிசி, கேரட், பீன்ஸ், வெள்ளரி, தக்காளி, முட்டை, மீன் சாப்பிடலாம். டயட்டீஷியன் ஒருவரை வைத்துக்கொண்டு செய், மாதக்கணக்கில் இழுக்காதே. திரும்பச் சேர்ப்பதுதான் இதில் முக்கியமான பாதி.

நார்ச்சத்துக்கு இசப்கோலை ஒரு டீஸ்பூனில் ஆரம்பித்து, நிறையத் தண்ணீரோடு சாப்பிடு. கோதுமைத் தவிட்டை அள்ளிப்போடாதே, ஐ.பி.எஸ். வயிற்றுக்கு அது உப்புசத்தைக் கூட்டும். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் மாத்திரையைக் குறைந்த அளவில் டாக்டர் எழுதினால் பதறாதே. குடல் நரம்பை அமைதிப்படுத்தத்தான் அது. காலையில் அரை மணி முன்னால் எழுந்து, சாப்பிட்டு, குடலுக்கு நேரம் கொடுத்துவிட்டுக் கிளம்பிப் பார். பஸ் பயம் அதிலேயே கொஞ்சம் குறையும்.

நீ வாங்கிச் சாப்பிடுகிற பான்டோப்ரசோல் என்ற அசிடிட்டி மாத்திரை, சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் போட்டால்தான் நன்றாக வேலை செய்யும். நீ சாப்பிட்ட பிறகு போடுகிறாய். வாரக்கணக்கில் போட்டுவிட்டுத் திடீரென்று நிறுத்தினால் எரிச்சல் திரும்பி வரலாம், அதை நோய் என்று நினைத்து மறுபடி ஆரம்பிப்பார்கள். வருஷக்கணக்கில் போட்டால் பி12 குறையலாம். எத்தனை நாள் போட வேண்டும் என்று கேட்டு, அந்தத் தேதியை அட்டையிலேயே எழுதிவை.

பணத்தை நினைத்துத் தள்ளிப்போடாதே. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் பலவற்றில் குடல், இரைப்பைக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. என்றைக்கு ஓ.பி. என்று விசாரித்துக்கொண்டு காலையிலேயே போய்விடு.

இன்று ராத்திரி ஹாஸ்டல் பக்கத்து மெடிக்கல் ஷாப்பில் எடை பார். நோட்டின் முதல் பக்கத்தில் தேதி போட்டு அதை எழுதி, போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. நாளைக் காலை காபியிலிருந்து ஆரம்பி.